மதுரையில் ஜெனரல் மெடிசினா, செங்கல்பட்டில் அனஸ்தீசியாவா? பிஜி சீட்டும் கணவர் வேலையும்

செம்பாக்கம்_டாக்டர்

எல்லோருக்கும் வணக்கம். நீட் பிஜி (மருத்துவ மேற்படிப்பு நுழைவுத் தேர்வு) ரேங்க் வந்துவிட்டது. மோசம் இல்லை, ஆனால் சென்னையில் கேட்டது கிடைக்கும் அளவுக்கு நல்ல ரேங்கும் இல்லை. போன வருஷ கட்ஆஃப்களைப் பார்த்தால் எனக்கு எட்டும் என்று தோன்றுவது இரண்டு. மதுரை மருத்துவக் கல்லூரியில் எம்.டி. ஜெனரல் மெடிசின் (பொது மருத்துவம்), இல்லாவிட்டால் செங்கல்பட்டில் எம்.டி. அனஸ்தீசியா (மயக்கவியல்). ஹவுஸ் சர்ஜனாக (பயிற்சி மருத்துவராக) இருந்த நாளிலிருந்தே மெடிசின்தான் படிக்க வேண்டும் என்று இருந்தேன்.

வீட்டு நிலவரம் இது. நாங்கள் தாம்பரம் பக்கம் செம்பாக்கத்தில் இருக்கிறோம், சொந்த ஃபிளாட், லோன் ஓடிக்கொண்டிருக்கிறது. கணவர் சிறுசேரியில் ஐடி வேலை. இந்த வருஷம்தான் லீட் ஆனார், வாரம் மூன்று நாள் ஆபீஸ் கட்டாயம், கிளையன்ட் அமெரிக்கா என்பதால் சாயங்காலம் ஆரம்பிக்கும் கான்ஃபரன்ஸ் கால் ராத்திரி பத்து மணிக்கு மேலும் போகும். அவர் கம்பெனிக்கு மதுரையில் கிளை கிடையாது. மகளுக்கு மூன்று வயது, ப்ளேஸ்கூல் போகிறாள். மாமியார் எங்களோடுதான் இருக்கிறார், ஆனால் மூட்டு வலி, குழந்தை பின்னால் ஓட முடியாது. என் அப்பா அம்மா திருமங்கலத்தில் இருக்கிறார்கள், மதுரைக்குப் பக்கம்.

அதாவது மதுரை போனால் பிடித்த படிப்பு, அம்மாவின் துணை, ஆனால் கணவர் நானூறு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம். செங்கல்பட்டு என்றால் குடும்பம் ஒரே வீட்டில், ஆனால் படிப்பு என் இரண்டாவது விருப்பம். அவரிடம் கேட்டால் "உனக்கு எது வேண்டுமோ அதைப் போடு, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் என்ன பார்த்துக்கொள்வார் என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. மாமியார் எதுவும் சொல்லவில்லை, அந்த மௌனமே ஒரு பதில்தான்.

இப்படி ஒருவர் வேலையும் மற்றவர் படிப்பும் வேறு வேறு ஊரில் மாட்டிக்கொண்டவர்கள் எப்படி முடிவெடுத்தீர்கள்? "மனசு சொல்வதைக் கேள்" என்ற பதில் மட்டும் வேண்டாம், அது எனக்கு இரண்டு விதமாகவும் சொல்லிவிட்டது.

அட்மிஷன்_டே

நான் ஜெனரல் மெடிசின் ரெசிடென்ட் (பிஜி படிக்கும் டாக்டர்), அரசுக் கல்லூரி. எது என்று சொல்லவில்லை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். ஒரே ஊரில் இருப்பதும் ஒரே வீட்டில் இருப்பதும் ஃபர்ஸ்ட் இயரில் ஒன்றல்ல. உங்கள் யூனிட்டுக்கு அட்மிஷன் நாள் (புது நோயாளிகளைச் சேர்க்கும் முறை) என்றால் அன்று காலை உள்ளே போனால் மறுநாள் சீஃப் ரவுண்ட்ஸ் முடிந்து, கேஸ் ஷீட், டிஸ்சார்ஜ், புரொசீஜர் எல்லாம் முடித்து வெளியே வரும்போது மதியமோ சாயங்காலமோ ஆகிவிடும். வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 விதிகளில் எழுதியிருக்கிறது, ஆனால் கூடவே "பணித் தேவையைப் பொறுத்து" என்றும் இருக்கிறது. அந்த இரண்டாவது பகுதிதான் நடைமுறை. வருஷத்துக்கு 20 நாள் விடுப்பும் உண்டு. விடுதியில் தங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அந்த விதிகளில் இல்லை. இடம் கொடுப்பது கல்லூரியின் பொறுப்பு, தங்குவது உங்கள் விருப்பம். ஆனாலும் முதல் வருஷம் ஒரு கட்டில் உள்ளேயே இருந்தால் நல்லது, சொந்த ஊர்க்காரர்களும் அப்படித்தான் செய்கிறார்கள்.

இன்னொன்று, மூன்று மாத மாவட்ட ரெசிடென்சி. மூன்றாவது செமஸ்டரிலிருந்து ஐந்தாவதுக்குள் எப்போதாவது ஒரு மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். எந்தக் கல்லூரி எடுத்தாலும் இது உண்டு, இதையும் கணக்கில் வையுங்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி: ஜெனரல் மெடிசினோடு நிறுத்திக்கொள்வீர்களா? பெரும்பாலோர் நிறுத்துவதில்லை. கார்டியாலஜி, நெஃப்ராலஜி என்று டி.எம். (எம்.டி.க்கு அடுத்த சிறப்புப் படிப்பு) போக நினைத்தால் அதற்கு நீட் எஸ்எஸ் என்ற தேர்வு, அப்புறம் இன்னொரு மூன்று வருஷம், அதுவும் இந்தியாவில் எங்கே கிடைக்குமோ அங்கே. உங்கள் கணவரிடம் பேசும்போது மூன்று வருஷம் என்று பேசுகிறீர்களா, பாண்ட் (படிப்புக்குப் பிறகு கட்டாய அரசுப் பணி), டி.எம். எல்லாம் சேர்த்து ஏழெட்டு வருஷம் என்று பேசுகிறீர்களா? இரண்டும் வேறு வேறு பேச்சு.

பாண்டியன்_எக்ஸ்பிரஸ்_பயணி

வணக்கம் டாக்டர். நான் மருத்துவன் இல்லை, மருத்துவரின் கணவன். மனைவி தென்மாவட்டத்தில் பிஜி முடித்தார், அந்த மூன்று வருஷமும் நான் பெருங்குடியில் வேலை பார்த்தேன்.

"நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று நானும் அப்படியே சொன்னேன். அது அன்புதான், சந்தேகமே இல்லை, ஆனால் அதை வைத்துக்கொண்டு ஒரு திங்கட்கிழமையை ஓட்ட முடியாது. என் மனைவி கெட்டிக்காரர், ஒரு நாள் உட்கார வைத்து வரிசையாகக் கேட்டார். ப்ளேஸ்கூலிலிருந்து குழந்தைக்குக் காய்ச்சல் என்று மதியம் போன் வந்தால் யார் போவது? எனக்கு ரிலீஸ் இருக்கும் வாரத்தில் அவருக்கு தீசிஸ் சப்மிஷன் வந்தால்? இரண்டு வீட்டு வாடகை, விடுதிக் கட்டணம், டிக்கெட் எல்லாம் சேர்த்து மாதம் எவ்வளவு ஆகும், ஸ்டைபெண்ட் தாமதமாக வந்தால் எதிலிருந்து எடுப்பது? ஆன்சைட் (வெளிநாட்டில் கிளையன்ட் இடத்தில் வேலை) வாய்ப்பு வந்தால் நான் போவேனா, வேண்டாம் என்பேனா? கடைசிக் கேள்விக்கு எனக்கு அன்று பதில் இல்லை. ஒரு வாரம் கழித்துத்தான் "முதல் இரண்டு வருஷம் கேட்க மாட்டேன், மூன்றாவது வருஷம் வந்தால் பேசுவோம்" என்று சொன்னேன். அவர் அதை எழுதியே வைத்துக்கொண்டார்!

வேலை விஷயத்தில் உங்கள் கணவர் இப்போதே செய்யக்கூடியது ஒன்று உண்டு. மேனேஜரிடம் வாய்மொழியாகக் கேட்காமல், ஆபீஸ் வர வேண்டிய நாட்களைச் சேர்த்து எடுத்துக்கொள்ள முடியுமா என்று மெயிலில் கேட்கச் சொல்லுங்கள். வாரம் மூன்று நாள் என்பது சில இடங்களில் மாதக் கணக்காகவும் பார்க்கப்படும், அப்படியானால் இரண்டு வாரம் தொடர்ந்து ஆபீஸ், பிறகு ஒரு வாரம் மதுரையில் இருந்து வேலை என்று ஓட்டலாம். எனக்கு அப்படித்தான் ஓடியது. மேனேஜர் மாறினால் பேச்சு மாறும், மெயில் மாறாது.

பயணம் பற்றிப் பயப்பட வேண்டாம். வெள்ளி இரவு பாண்டியனில் ஏறினால் சனி காலை மதுரை, ஞாயிறு இரவு ஏறினால் திங்கள் காலை தாம்பரத்தில் இறங்கி அப்படியே குளித்துவிட்டு ஆபீஸ். உடம்புக்குக் கஷ்டம்தான். அதைவிடக் கஷ்டம், நான் போய்ச் சேரும் சனிக்கிழமை அவருக்கு ட்யூட்டியாக இருப்பது. அதனால் ட்யூட்டி ரோஸ்டர் வந்த பிறகுதான் டிக்கெட் போட வேண்டும், ஆனால் அதற்குள் டிக்கெட் தீர்ந்திருக்கும். தட்கால் செலவைத் தனியாக பட்ஜெட்டில் எழுதுங்கள், சிரிக்காதீர்கள்.

ஓடி_மேசை

நான் அனஸ்தீசியா, படித்து முடித்துப் பல வருஷம் ஆகிவிட்டது. தங்கச்சி, "இரண்டாவது விருப்பம்" என்று எழுதியிருப்பதைப் படித்தேன், கோபமில்லை, ஆனால் அந்தத் துறையின் வேலை எப்படி என்று தெரிந்துதான் அப்படி வைத்தீர்களா என்று கேட்க வேண்டும்.

இங்கே வார்டு கிடையாது, உங்கள் பெயரில் நோயாளிகள் படுத்திருக்க மாட்டார்கள். காலையில் சர்ஜனுக்கு முன்னால் தியேட்டரில் இருக்க வேண்டும், மெஷினைச் சரிபார்க்க வேண்டும், மருந்து ஏற்றி வைக்க வேண்டும். அன்றைய ஆபரேஷன் லிஸ்ட் முடிந்தால், ட்யூட்டி இல்லாத நாளில், வீட்டுக்குப் போகலாம், போன பிறகு நோயாளி பற்றிய போன் குறைவு. ட்யூட்டி நாள் என்றால் எல்லாத் துறையின் அவசரமும் உங்கள் அவசரம்: சிசேரியன், அப்பெண்டிக்ஸ், விபத்து. ஐசியூவும் நம் கையில். படிப்பு முடித்த பிறகு எந்த ஊருக்குப் போனாலும் வேலை உண்டு. சின்ன நர்ஸிங் ஹோம்கள் முழுநேர அனஸ்தெடிஸ்ட் வைத்துக்கொள்வதில்லை, கேஸுக்கு இவ்வளவு என்று கூப்பிடுவார்கள். கணவருக்குப் பெங்களூர் மாற்றலானால் நீங்களும் போகலாம். ஒரு ஊரில் பேஷன்ட்களைச் சேர்த்து வைத்த பிசிஷியனுக்கு அது அவ்வளவு லேசில்லை. கணவர் வேலையைக் கணக்கில் எடுப்பதாக இருந்தால் இந்த மூன்று வருஷத்தை மட்டும் பார்க்காதீர்கள், அதற்குப் பிறகு யார் யாருக்காக ஊர் மாற வேண்டிவரும் என்பதையும் பாருங்கள்.

அதே சமயம், நோயாளியோடு உட்கார்ந்து பேசி, வரலாறு கேட்டு, நோயைக் கண்டுபிடிப்பதில்தான் உங்களுக்கு சந்தோஷம் என்றால் இந்தத் துறைக்கு வராதீர்கள். எங்கள் நோயாளி தூங்கிக்கொண்டிருப்பார். செங்கல்பட்டு பக்கம் என்பதற்காக மட்டும் சேர்ந்து இரண்டாவது மாதமே முகம் தொங்கிப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த முகத்தோடுதான் தினமும் வீட்டுக்கும் போவார்கள், வீடு பக்கத்தில் இருந்து என்ன பயன்?

ஒரு யோசனை. பழகிய அனஸ்தெடிஸ்ட் யாரிடமாவது கேட்டு, இரண்டு மூன்று நாள் முழு லிஸ்டுக்கும் கூட நின்று பாருங்கள். ஹவுஸ் சர்ஜன் காலத்து ஞாபகத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

சாய்ஸ்_லாக்

நடைமுறை பற்றி யாரும் பேசவில்லை, அதனால் நான். நீங்கள் இதை இரண்டு சீட்டுக்கு நடுவில் நடக்கும் தேர்வாக எழுதியிருக்கிறீர்கள், கவுன்சலிங் அப்படி நடப்பதில்லை. நீங்கள் கொடுப்பது ஒரு நீளமான வரிசை. மேலிருந்து பார்த்துக்கொண்டே வந்து உங்கள் ரேங்குக்கு முதலில் எது காலியோ அதைக் கொடுப்பார்கள். எட்டாத இடத்தை மேலே போடுவதால் கீழே இருக்கும் சீட் கை நழுவாது. அதனால் சென்னையில் ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், பிறகு செங்கல்பட்டு ஜெனரல் மெடிசின் எல்லாம் முதலில் போடுங்கள். கட்ஆஃப் பார்த்து "கிடைக்காது" என்று நீங்களே அடித்துவிடாதீர்கள். 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் பிஜி மருத்துவ இடங்களில் இருப்பிடத்தை வைத்து ஒதுக்கீடு செய்வது செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. அதனால் பழைய மாநிலக் கட்ஆஃப்களை அப்படியே நம்பவும் முடியாது.

அரசுக் கல்லூரி இடங்களில் பாதி அகில இந்திய ஒதுக்கீடு, அது எம்சிசி (மத்திய அரசின் மருத்துவக் கவுன்சலிங் குழு) நடத்துவது. மீதி மாநிலம், கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் தேர்வுக்குழு. இரண்டுக்கும் தனித்தனியாகப் பதிய வேண்டும், தனித்தனியாக வரிசை கொடுக்க வேண்டும். மாநில இடங்களில் ஒரு பங்கு அரசுப் பணியில் இருக்கும் டாக்டர்களுக்குப் போய்விடும், நீங்கள் அந்தக் கணக்கில் வர மாட்டீர்கள்.

எம்சிசியில் முதல் ரவுண்டில் கிடைத்ததில் சேராவிட்டால் நஷ்டம் இல்லை. இரண்டாவதில் சேராவிட்டால் டெபாசிட் போகும். மூன்றாவதில் விளையாட்டே வேண்டாம், கிடைத்ததில் சேர்ந்துதான் ஆக வேண்டும் என்று நினைத்துக்கொண்டு வரிசை கொடுங்கள். குடும்பங்கள் அழுவது அப்கிரேட் (அடுத்த ரவுண்டில் மேலான சீட்டுக்கு மாறுவது) விஷயத்தில்தான். செங்கல்பட்டில் சேர்ந்துவிட்டு, சும்மா இருக்கட்டும் என்று அப்கிரேடுக்கு விருப்பம் தெரிவித்து, வரிசையில் திருநெல்வேலியையும் விட்டு வைத்தால், அது கிடைத்த நிமிஷம் செங்கல்பட்டு தானாகப் போய்விடும். "எனக்குப் பழையதே போதும்" என்று சொல்ல வழியில்லை. ஒவ்வொரு ரவுண்டுக்கும் முன்னால் இருவரும் உட்கார்ந்து, கையில் இருக்கும் சீட்டை விட்டுவிட்டுப் போகத் தயாராக இருக்கும் இடங்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழியுங்கள். நீங்கள் ட்யூட்டியில் இருக்கும்போது வரிசையை லாக் செய்ய (உறுதி செய்ய) வேண்டிய நேரம் வரும், அதனால் பாஸ்வேர்டு கணவரிடமும் இருக்கட்டும், ஆனால் உங்களைக் கேட்காமல் வரிசையைத் தொடக் கூடாது!

அப்புறம் பாண்ட். தமிழ்நாட்டில் முன்பு அரசுக் கல்லூரி பிஜி முடித்தால் இரண்டு வருஷம் அரசுப் பணி, இல்லாவிட்டால் நாற்பது லட்சம் என்று இருந்தது, பிறகு குறைத்தார்கள். இப்போதைய கணக்கை இந்த வருஷ விவரப் புத்தகத்தில் பாருங்கள். அந்தப் பணியிடம் நீங்கள் படித்த ஊரிலேயே கிடைக்கும் என்று யாரும் எழுதித் தரப்போவதில்லை. டிஎன்பியும் (மருத்துவமனைகளில் படிக்கும், எம்.டி.க்கு இணையான பட்டம்) வரிசையில் இருக்கட்டும். சென்னையில் பெரிய தனியார் மருத்துவமனைகளில் டிஎன்பி ஜெனரல் மெடிசின் இருக்கிறது, அதே மூன்று வருஷம், அதே மதிப்பு. சேரும் முன் அங்கே இப்போது படிக்கும் பையனையோ பெண்ணையோ பிடித்துப் பேசுங்கள், மருத்துவமனைக்கு மருத்துவமனை வித்தியாசம் அதிகம்.

வால்பாறை_பிஎச்சி

குறுக்கே ஒரு வழி சொல்கிறேன். எம்ஆர்பி (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) தேர்வு எழுதி அசிஸ்டன்ட் சர்ஜனாக அரசுப் பணிக்கு வந்துவிட்டு, பிறகு அரசு டாக்டர்களுக்கான சர்வீஸ் கோட்டாவில் படிக்கலாமே. படிக்கும்போது சம்பளம் வரும், மலைப்பகுதியில் வேலை பார்த்தால் கூடுதல் மதிப்பெண் உண்டு. நாங்கள் இருவரும் இப்படித்தான் போகிறோம், என் மனைவி பள்ளி ஆசிரியர், மாற்றல் கேட்கலாம்.

செம்பாக்கம்_டாக்டர்

எல்லோருக்கும் நன்றி. வால்பாறை அண்ணா, யோசித்தேன், ஆனால் போஸ்டிங்கும் எங்கேயோ வரும், அதற்குப் பிறகு பிஜியும் எங்கேயோ வரும். உங்கள் வீட்டில் அவருக்கு மாற்றல் கிடைக்கும், என் வீட்டில் கிடைக்காது. எங்களுக்கு அது இரண்டு முறை பிரிவு.

நேற்று ராத்திரி அவர் கால் முடிந்த பிறகு பெருங்குடிக்காரர் எழுதிய கேள்விகளை அப்படியே அவரிடம் படித்துக் காட்டினேன். காய்ச்சல் கேள்வியில் மாட்டிக்கொண்டார். பேசப் பேசத்தான் தெரிந்தது, மகள் சென்னையிலேயே தன்னோடு இருப்பாள் என்று அவர் நினைத்திருக்கிறார், என்னோடு மதுரை வருவாள் என்று நான் நினைத்திருக்கிறேன். இத்தனை நாள் இதைக்கூட ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல் கட்ஆஃப் பார்த்துக்கொண்டிருந்தோம்! டி.எம். பற்றிக் கேட்டதற்கும் நேரடியாகச் சொன்னேன், இப்போதைக்கு எண்ணம் இல்லை, எம்.டி.யோடு பிசிஷியனாக இருக்கத்தான் ஆசை. அது கேட்ட பிறகு அவர் முகம் கொஞ்சம் இளகியது.

இப்போதைக்கு வரிசை இப்படி: சென்னை, செங்கல்பட்டு ஜெனரல் மெடிசின் எல்லாம் மேலே, பிறகு சென்னை டிஎன்பி இரண்டு இடம் (விசாரித்த பிறகு), அப்புறம் மதுரை ஜெனரல் மெடிசின், அதற்குக் கீழே செங்கல்பட்டு அனஸ்தீசியா. ஓடி மேசை அக்கா, வியாழக்கிழமை என் பழைய மருத்துவமனையில் தியேட்டரில் நிற்கக் கேட்டிருக்கிறேன். நின்று பார்த்துப் பிடித்துப்போனால் கடைசி இரண்டும் இடம் மாறலாம். வேறு மாவட்டம் எதுவும் வரிசையில் இல்லை, அதை இருவரும் சேர்ந்தே அழித்தோம். மதுரை வந்தால் மகள் என்னோடு, அவர் ஆபீஸ் நாட்களைச் சேர்த்து எடுக்கக் கேட்டு மெயில் போடுகிறேன் என்றிருக்கிறார், ரவுண்டுக்கு முன்னால் பதில் வர வேண்டும்.

ஒரு சந்தேகம். திருமங்கலத்திலிருந்து மதுரைக் கல்லூரியின் ராஜாஜி மருத்துவமனைக்குத் தினமும் போய்வர முடியுமா? அம்மா வீட்டிலேயே தங்கினால் வாடகை மிச்சம்.

அட்மிஷன்_டே

தூரம் இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், பிரச்சனை அது இல்லை. ஊருக்குள் நுழைந்து பெரியார் நிலையம் பக்கம் கடந்து ஆற்றுக்கு அந்தப் பக்கம் கோரிப்பாளையம் வர வேண்டும். முப்பது மணி நேரம் விழித்துவிட்டு அந்தப் பஸ்ஸில் திரும்புவது முதல் வருஷத்தில் வேண்டாம். நீங்கள் திருமங்கலம் போவதைவிட அப்பா அம்மாவை ஷெனாய் நகர் பக்கம் சின்ன வீடு எடுத்து வரச் சொல்லுங்கள். மருத்துவமனைக்கு நடந்து போகும் தூரம், நடுவில் ஒரு மணி நேரம் கிடைத்தால்கூட மகளைப் பார்த்துவிட்டு வரலாம். அவர்களுக்கு ஊரை விட்டு வரச் சம்மதமா என்பதை வரிசையை லாக் செய்வதற்கு முன்னால் கேட்டுவிடுங்கள், அதையும் நீங்களே நினைத்துக்கொள்ளாமல்.

செம்பாக்கம்_டாக்டர்

சரி, இன்றைக்கே அம்மாவுக்குப் போன் போடுகிறேன். அப்பாதான் யோசிப்பார், அவருக்கு அங்கே கடை இருக்கிறது.